ஆடிக்கு ஒரு விரற்கடை

ஹேமநாதன் கையிலிருந்து கோப்பிக் கோப்பை நழுவித் தரையில் விழுந்த இடத்தில் போன வாரம் நின்றோம். கோப்பை என்ன ஆயிற்று என்று குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி கவலைப்பட்டுக் கேட்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை, அம்மா. அது எனாமல் கோப்பை. கோப்பி மட்டும்தான் போயிற்று.

கோப்பை விழக் காரணம், மகள் ஷாமளா சொன்ன ஒரு வாக்கியம்: "அப்பா, நம்ம எல்லைக்கல்லு நகர்ந்திருக்கு."

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஹேமநாதன் முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர். பெக்கோக் டவுனைத் தாண்டி ஆறு ஏக்கர் செம்பனைத் தோப்பு வைத்திருக்கிறார். மனைவி அங்கம்மா. மகன் செல்வா செனாயில் தொழிற்சாலை வேலை. அடுத்த மாதம் பக்கத்து நிலத்துக்காரர் ரபேலின் மகள் எலைனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறான். கோயிலா சர்ச்சா என்ற சண்டையை ஏழு வாரம் போட்டு ஒருவழியாக முடித்தாயிற்று. இன்னொரு சண்டையை இந்த இரண்டு வீடும் தாங்காது.

மகள் ஷாமளா பூமியைப் படித்தவள். போன வருஷம் ஆகஸ்டில் சிகாமட் பக்கம் நிலம் ஆடியதல்லவா, அன்றிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை. அந்த ஆட்டத்தில் ரபேல் வீட்டில் இருபது வருஷமாக நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் ஓட ஆரம்பித்ததாம். ஒன்பது நிமிஷம் ஓடி, சரியான நேரம் வந்ததும் மறுபடி நின்றுகொண்டதாம். பார்த்த சாட்சி ரபேல் ஒருவர்தான். அவர் பொய் சொல்ல மாட்டார். கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அது வேறு.

அதற்குப் பிறகு மலேசியா, ஜப்பான், தைவான், இந்தோனேசியா என்று நாலு நாட்டு நிலவியல்காரர்கள் சேர்ந்து ஒரு அட்டவணை எழுத உட்கார்ந்தார்கள். பூமியில் பிளவு ஆயிரம் இருக்கும். எது செத்துப்போனது, எது இன்னும் உயிரோடு அசைகிறது என்று பிரித்து எழுதும் அட்டவணை. நம் பக்கத்துப் பொறுப்பு ஷாமளாவுக்கு. நாட்டையெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் சொந்த அப்பாவின் நிலத்திலேயே உயிருள்ள பிளவைக் கண்டுபிடித்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. அட்டவணையை மூடும் நாள்.

*

காலை ஏழு மணி. ஹேமநாதன் எதிரில் இரண்டாவது கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"நேத்திலேர்ந்து மூஞ்சி சரியில்ல," என்றார் அங்கம்மா. "வயிறா?"

"இல்ல."

"வயிறுதான். நேத்து மூணு தோசை கேட்டவரு ஒண்ணோட நிறுத்திட்டீங்க."

ஷாமளா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு விட்டு விட்டு ஓடியது, பல் போன சீப்பு மாதிரி.

"பாருங்க பா. தைவான்காரங்க சாட்டிலைட்டில பார்த்த துண்டு இது. இது இந்தோனேசியாக்காரங்க கடலுக்கு அடியில பார்த்தது. நடுவுல நம்ம இடம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் ஏத்தினாதான் கோடு சேரும்."

"எதை வச்சு ஏத்துவ?"

"நம்ம கல்லுதான் சாட்சி. பதினொரு கல்லுல முதல் ஆறு, இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னாடி அளந்து நட்ட இடத்திலேயே நிக்குது. ஏழுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ரபேல் அங்கிள் பக்கமா நாப்பத்தோரு சென்டிமீட்டர் போயிருக்கு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுலதான் பிளவு."

ஹேமநாதன் கோப்பியைத் தொட்டுப் பார்த்தார். குடிக்கவில்லை.

"சாட்சி தப்பா இருந்தா?"

"இனிமே கட்டப்போற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கெல்லாம் எவ்வளவு கம்பி போடணும்னு இந்தக் கோட்டை வச்சுத்தான் பா கணக்குப் போடுவாங்க. தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா முதல்ல என் பேரு போகும். அதோட கோட்டையும் அழிச்சிருவாங்க. அப்புறம் நிஜமாவே அங்க பிளவு இருந்தாலும் எவனும் நம்ப மாட்டான்."

"உன் பேரு..." என்றார் ஹேமநாதன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"வயிறுதான்," என்றார் அங்கம்மா.

*

செம்பனைக்குள் பகலிலும் வெளிச்சம் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். மட்டைகள் மேலே கைகோத்துக்கொண்டு, கீழே எல்லாம் பாசி படிந்த தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரியும். அன்றைக்குக் காற்றும் இல்லை. பழம் பொறுக்கும் எலிகூட வேலைக்கு வரவில்லை.

ஹேமநாதன் சாலையோரத்திலிருந்து கற்களை எண்ணிக்கொண்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஒவ்வொன்றிலும் பழைய மஞ்சள், குங்குமம். தலை துவட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களைப்போல வரிசையாக இருந்தன.

அந்த மஞ்சளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதம் முனியாண்டிக்குப் படையல் வைக்கும் காலையில், எல்லைக்கல் எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் பூசி, பால் ஊற்றுவார்கள். தோட்டத்திலிருந்து வந்த வழக்கம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கம்மா முன்னால் போவார். கடப்பாரையோடு ஹேமநாதன் பின்னால் போவார்.

கல்லைக் கழுவக் கடப்பாரை எதற்கு என்று இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

ரபேலின் நிலத்தில், எல்லையிலிருந்து ஒரே ஒரு முழம் தள்ளி, ஒரு டுரியான் மரம் நிற்கிறது. காய்த்தால் வாசனை ஹேமநாதன் வீட்டுக்கு வரும், பழம் ரபேல் வீட்டுக்குப் போகும். அதுதான் ஆரம்பம். கழுவும் சாக்கில் கல்லை நெம்பி, ஒரு விரற்கடை தூரம் அந்தப் பக்கம் தள்ளி வைப்பார். ஆடிக்கு ஒரு விரற்கடை. முதல் ஆறு கல்லைத் தொட்டதில்லை; அது சாலைக்குத் தெரியும். ஏழிலிருந்து பதினொன்று வரைதான்.

இருபத்திரண்டு விரற்கடை. விரலை அளந்து பெருக்கிப் பாருங்கள், நாற்பத்தோரு சென்டிமீட்டர் சொச்சம் வரும். அவர் நேற்றே பெருக்கிவிட்டார். அப்போதுதான் கோப்பை விழுந்தது.

ஆனால் இதில் அவர் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது. இத்தனை வருஷம் தள்ளியும் மரம் கிட்டே வரவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் கையை வைத்துப் பார்ப்பார். ஒரு முழம். மறு வருஷம் பார்ப்பார். ஒரு முழம். இவர் ஒரு விரற்கடை போனால் மரமும் ஒரு விரற்கடை போகிறது. நாலைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த மரத்தின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இப்போதும் பார்க்கவில்லை. குனிந்தபடி பதினோராம் கல்லில் முழங்கையை வைத்து நீட்டினார்.

நடுவிரல் நுனி பட்டையைத் தொட்டது. ஒரு முழம்.

பின்னால் சருகு நொறுங்கியது. ரபேலின் நாய். கற்களை மோந்துகொண்டே வந்தது, ஆறாம் கல்லைத் தாண்டியதும் நின்றது. முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் தரை. நாய் பின்வாங்கி, வாய்க்காலைத் தாண்டுவதுபோல ஒரு தாவு தாவி, ஏழாம் கல் பக்கம் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல நடந்து போயிற்று.

ஹேமநாதன் அதே இடத்தில் கால் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தார். சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் ஓனோ வந்தார். ஜப்பான்காரர், அறுபது வயது அம்மையார், நாற்பது வருஷமாகப் பூமியின் கீறல்களைப் பார்த்து வருகிறவர். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன். இதைவிட இரண்டு மடங்கு பணிவாகச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கற்களுக்கு முன் முதலில் தலைகுனிந்தார். அப்புறம் மூன்று தடவை அளந்தார்.

"நாற்பத்தோரு சென்டிமீட்டர். இருபத்திநாலு வருஷத்தில். என் நாட்டிலேயே இவ்வளவு அவசரமான நிலம் அபூர்வம், ஷாமளா. எனக்குச் சந்தோஷமாக இல்லை. யாரும் இதைத் தொடவில்லை என்று உறுதியா?"

"எங்க அப்பா பார்த்துக்கிற நிலம், டாக்டர். வேற யாரும் தொட மாட்டாங்க."

சத்தம் கேட்டு ரபேலும் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை கொய்யா. "சம்பந்தி, என்ன லா கூட்டம்? கல்லுக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்காங்களா?"

ஹேமநாதன் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார், ரபேலைப் பார்த்தார்.

"ஷாமளா, அந்த அம்மாகிட்ட சொல்லு. நான்தான் தொட்டேன்."

"என்னத்தைப் பா?"

"கல்லை. ஆடிக்கு ஆடி. ஒரு விரக்கடை. இருபத்திரண்டு வருஷம்."

ஷாமளா கையிலிருந்த பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எதுக்குப் பா?"

"டுரியானுக்கு."

"அலமாக், ஐயோ," என்றாள் ஷாமளா, ரொம்ப மெதுவாக. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ராத்திரி முழுக்க எழுதினேன். நாலு நாட்டுக்கும் சொல்லிட்டேன். எங்க அப்பா நிலம், எங்க அப்பா நிலம்னு."

"நேத்து சொன்னா செல்வா கல்யாணம் என்னாகும்னு பயந்தேன். இன்னைக்குச் சொல்லாட்டி உன் பேரு போயிரும். ரெண்டுல எது பெருசுன்னு காலையிலேர்ந்து பார்த்தேன் மா." ரபேல் பக்கம் திரும்பினார். "ரபேலு, உன் நிலத்தைத் திருடினேன். எலைனை எங்க வீட்டுக்கு அனுப்ப இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிரு. பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ரபேல் கொய்யாப் பையைக் கீழே வைத்தார்.

"நாதா, நவம்பர் மாசம் ரெண்டாம் தேதி எங்களுக்கு என்ன நாளு?"

"கல்லறைத் திருநாள்."

"கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு நான் எங்க வருவேன்?"

"வீட்டுக்கு."

"இங்க வருவேன். நீ நகர்த்துனதை எடுத்து, ஒரு விரக்கடை திருப்பி வச்சிட்டுப் போவேன். இருபத்திரண்டு வருஷம்."

மேலே ஒரு மட்டை தன்னால் ஒடிந்து, பாதி வழியில் இன்னொரு மட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது.

"தெரிஞ்சும் ஏண்டா ஒரு வார்த்தை கேக்கல?" என்றார் ஹேமநாதன்.

"கேட்டா நீ நிறுத்திருவ. அப்புறம் நவம்பர்ல எனக்கு என்ன வேலை?"

ஷாமளாவுக்குத்தான் முதலில் விளங்கியது. மூடிய பேனாவைத் திறந்தாள்.

"அங்கிள், நீங்க ஒவ்வொரு வருஷமும் திருப்பி வச்சீங்களா? ஒரு வருஷம்கூட விடாம?"

"கோவிட் வருஷத்திலகூட வந்தேன் மா. மாஸ்க் போட்டுக்கிட்டு."

"அப்போ கல்லு நட்ட இடத்திலேயேதானே இருக்கணும்."

எல்லாரும் கற்களைப் பார்த்தார்கள். ஆறு இங்கே. ஐந்து அங்கே. நடுவில் நாற்பத்தோரு சென்டிமீட்டர்.

*

இதற்குப் பிறகு நடந்ததை நாலு நாட்டு நிலவியல் வரலாற்றில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டாக்டர் ஓனோ பையிலிருந்து ஒரு இடுக்கி அளவுகோலை எடுத்து, இரண்டு கிழவர்களையும் வரிசையில் நிற்க வைத்து, விரலை நீட்டச் சொன்னார்.

"ஹேமநாதன், ஆள்காட்டி விரல், ஒன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர்," என்று எழுதிக்கொண்டார். "ரபேல், இரண்டு புள்ளி பூஜ்யம்."

"அப்படின்னா?" என்றார் ஹேமநாதன்.

ஷாமளா விரலால் காற்றில் பெருக்கினாள். "நீங்க தள்ளினதைவிட அங்கிள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அதிகமா திருப்பியிருக்காரு. மொத்தம் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல. கல்லு நம்ம பக்கம்தான் வந்திருக்கணும்."

"அப்ப திருடன் நான் இல்லையா?" ஹேமநாதன் ரபேலை முறைத்தார். "ரெண்டு சென்டிமீட்டர், ரபேலு."

"விரலு தடிப்பா இருந்தா நான் என்ன லா பண்றது? கடவுள் குடுத்தது."

ஓனோ கைப்பேசியில் விஷயத்தை மற்றவர்களுக்கு எழுதினார். தைவானிலிருந்து உடனே பதில் வந்தது: எந்தக் கை விரல்? இந்தோனேசியாவிலிருந்து வந்த பதில் நீளமானது: வாயால் சொன்னது போதாது, மண் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பார்த்தார்கள். ஒன்பதாம் கல் அருகே ஓனோ மண்டியிட்டு, சிறு கரண்டியால் மண்ணைச் செதுக்கினார். வெட்டு முகத்தில் மஞ்சள் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு ஆடியின் மஞ்சளும் பாலும் மண்ணும், ஒன்றின்மேல் ஒன்றாக, லாப்பிஸ் பலகாரத்து அடுக்கு மாதிரி. எல்லாம் கல்லின் காலடியிலேயே. கல்லைச் சுற்றி இளகிய மண் ஒரே ஒரு விரல் அகலம். அதற்கப்பால் இறுகிய செம்மண். அதில் எறும்புப் புற்றின் பழைய அறைகள், ஒன்றுகூடக் கலையாமல்.

"கல் நாற்பது சென்டிமீட்டர் தனியாக நடந்திருந்தால், நடந்த வழியெல்லாம் மண் கலங்கியிருக்க வேண்டும்," என்றார் ஓனோ. "கலங்கவில்லை. கல் ஒரு விரல் போயிருக்கிறது, ஒரு விரல் வந்திருக்கிறது. மிச்ச தூரம் போனது கல் அல்ல, குழி. குழியோடு நிலம். நிலத்தோடு அந்த மரம்."

ஷாமளா அதை அப்பாவுக்குச் சொன்னாள்.

ஹேமநாதன் இத்தனை வருஷத்துக்குப் பிறகு டுரியான் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். மரம் நடக்கிறது என்று அவர் பயந்தது முழுப் பொய் இல்லை. அவர் எவ்வளவு தூரம் தள்ள நினைத்தாரோ, சரியாக அவ்வளவு தூரம் அது போயிருக்கிறது. விரற்கடைக்கு விரற்கடை.

"யாரு கணக்கு வச்சது?" என்றார். யாருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

*

நாலே முக்கால் மணி. வீட்டின் முன் கார் நிறுத்தும் கூரைக்கடியில் மேசை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மா மட்டும் உள்ளே வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார்.

ஷாமளா அட்டவணையை நிரப்பினாள். குறிப்பு என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரையும் ரபேலின் பெயரையும் எழுதி, ஆடியையும் நவம்பரையும் எழுதி, இரண்டு விரல்களின் தடிப்பையும் எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "தேதி போட்டுச் சாட்சி சொல்ல ஆள் இருக்கும் பிழையை நான் இதுவரை பார்த்ததில்லை," என்றார் ஓனோ.

"அனுப்புறதுக்கு முன்னாடி எப்படி வருதுன்னு காட்டும்," என்று ஷாமளா ஒரு பொத்தானைத் தட்டினாள்.

சிவப்புக் கோடு தெற்கே கடலிலிருந்து கிளம்பியது. முதலில் இந்தோனேசியாக்காரர்களின் துண்டு. ஆறாம் கல்லுக்கும் ஏழாம் கல்லுக்கும் நடுவே நுழைந்து, இந்தப் பக்கம் வெளியே வந்து, செம்பனை வரிசை, கிணறு, அப்புறம் ஒரு பச்சைக் கூரை.

"அது யாரு வீடு?" என்றார் ரபேல்.

பச்சைக் கூரையின் கீழே தான் உட்கார்ந்திருப்பது அவருக்கே அப்புறம் தெரிந்தது.

ஷாமளா கையை எடுத்துக்கொண்டாள். "அப்பா, இது ஏறிட்டா மாடி எடுக்க பெர்மிட் கிடைக்காது. செல்வாவுக்கு மேல ரூம் போடணும்னு சொன்னீங்களே, அது நடக்காது. வீட்டையும் எவனும் வாங்க மாட்டான். கல்லைத் தொட்டது நீங்கதான்னு சாக்கு இருக்கு. சந்தேகம்னு போட்டு விட்டுடலாம். யாரும் தப்பு சொல்ல முடியாது."

மணி நாலு ஐம்பத்தாறு. ஓனோ மரியாதைக்காகச் செம்பனைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹேமநாதன் வீட்டைப் பார்த்தார். லோரி ஓட்டி, செங்கல் செங்கல்லாகக் கொண்டுவந்து இறக்கிய வீடு.

"மதியானம் வாயைத் திறக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?" என்றார். "அதைத் திருப்பி மூடச் சொல்றியா? அனுப்பு மா."

"அப்பா."

"அனுப்பு. உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"எங்க வீட்டுல ரெண்டு ரூம் காலியா கிடக்கு," என்றார் ரபேல், கொய்யாவைக் கடித்துக்கொண்டே. "டுரியான் பக்கத்திலேயே இருக்கலாம்."

ஷாமளா பொத்தானை அழுத்தினாள். கோடு சேர்ந்தது. ஐந்தடிக்க இரண்டு நிமிஷம்.

ஹேமநாதன் மனைவியிடம் சொல்ல எழுந்தார். அதற்குள் அங்கம்மாவே கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டார். நின்று எல்லாரையும் ஒவ்வொருவராக எண்ணினார்.

"நாலு பேரும் இங்கதான் இருக்கீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அப்ப உள்ள யாரு தட்டுறது?"

"பின் கதவா இருக்கும்."

"கதவு இல்லீங்க. அடுப்படியில, தரைக்குக் கீழேர்ந்து. நான் மாவு கரைக்கும்போதே ஆரம்பிச்சுது. மூணு தட்டு, அப்புறம் சும்மா இருக்கும், மறுபடி மூணு தட்டு." அங்கம்மா கரண்டியைத் துணியில் துடைத்தார். "பாவம், யாரோ என்னமோன்னு நானும் இந்தக் கரண்டியால ஒரு தட்டு தட்டினேன். இப்ப அது நாலு தட்டுது."